மேல்பக்கத்து ஹைட்ரஜன்

என் தங்கை ஓய்வு பெறும்வரை ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்த்தாள். எங்கள் தெருவில் பாதிப் பேருடைய கொலஸ்ட்ரால் அளவு அவளுக்கு அத்துப்படி. ஆனால் யார் துருவிக் கேட்டாலும் வாயைத் திறக்க மாட்டாள். ஒருமுறை என் மனைவி, பக்கத்து வீட்டு அம்மாளைப் பற்றி, "அவங்களுக்கு எவ்வளவுன்னு மட்டும் சொல்லேன், நான் யார்கிட்டயும் மூச்சு விட மாட்டேன்" என்று கெஞ்சினாள்.

"அண்ணி, உங்களுக்கு எவ்வளவுன்னு அவங்களும் நேத்து கேட்டாங்க. சொல்லட்டுமா?" என்றாள் தங்கை. பேச்சு அதோடு நின்றது.

அந்த நிலையத்தில் அவளைவிடக் கவனமாக வேலை செய்தவர் யாரும் இல்லை. அண்ணன் என்பதற்காகச் சொல்லவில்லை, அங்கிருந்த டாக்டரே என் தையல் கடைக்கு வந்து சொன்னது. ஆனாலும் அவளிடம் ஒரு விசித்திரம் இருந்தது. தான் செய்த சோதனை முடிவில் தனியாகக் கையெழுத்துப் போட மாட்டாள். ரத்தக் குழாயின் மேல் உள்ள பெயரும் சீட்டில் உள்ள பெயரும் ஒன்றுதானா என்று இன்னொருவர் பார்த்துக் கையெழுத்துப் போட்ட பிறகுதான் இவள் போடுவாள். தலைமைப் பொறுப்பு தேடி வந்தபோதும் வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். தலைமையில் இருப்பவர் போடுவதுதானே கடைசிக் கையெழுத்து.

"குழாய் மாறிடுச்சுன்னா என்ன பண்றது அண்ணா?" என்பாள்.

"இத்தனை வருஷத்துல ஒருதடவையாவது மாறியிருக்கா?"

"மாறினது எனக்குத் தெரியாம இருந்திருக்கலாம் இல்ல?"

வீட்டிலும் அப்படித்தான். கடைக்கு மேல் மாடியில்தான் அவள் குடியிருக்கிறாள். அடுப்படியில் உப்பு ஜாடியும் சர்க்கரை ஜாடியும் ஒரே மாதிரி இருக்கும். இரண்டுக்கும் மூடியில் ஒரு சீட்டு, உடம்பில் ஒரு சீட்டு, போதாததற்கு உப்பு ஜாடியின் கழுத்தில் என் கடையிலிருந்து எடுத்துப்போன சிவப்பு நூல்.

இந்தப் பயம் அவளுக்குப் பிறவியில் வந்ததில்லை. சின்ன வயதில் அவளைப் போல அடித்துப் பேசுகிறவள் கிடையாது. பயம் எங்கிருந்து வந்தது என்பதைத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

நான் சட்டை தைக்கிறவன். பள்ளிக்கூடம் எனக்கு நடுவிலேயே நின்றுவிட்டது. அவள் படித்தாள், படித்துக்கொண்டே போனாள், கடைசியில் உயிர்வேதியியல் ஆய்வகம் ஒன்றில் ஆராய்ச்சி மாணவியாகச் சேர்ந்தாள். அந்த ஆய்வகத்துக்கு வெள்ளைக் கோட்டுகள் தைத்துக் கொடுத்தது நான்தான். அளவெடுக்கப் போன அன்று அந்த இடத்தை நன்றாகப் பார்த்தேன். நீளமான மேசைகள், மேசைக்கு நடுவில் கண்ணாடிச் சாமான்கள் அடுக்கிய தட்டுகள், மூலையில் கழுவுதொட்டி, நடைபாதையின் கோடியில் உறுமிக்கொண்டிருந்த ஒரு பழைய உறைபெட்டி. நகப்பூச்சை அழிக்கும் திரவத்தின் வாடை எங்கும் இருந்தது.

அங்கே அவளுக்கு 'அரைச்சொட்டு' என்று பெயர். எந்தத் திரவத்தை அளந்தாலும் கடைசியில் ஒரு முழுச் சொட்டை விடாமல், குழாயின் நுனியில் பாதி தொங்கும்போதே கண்ணாடியில் தொட்டு எடுத்துவிடுவாளாம். பேச்சிலும் அப்படித்தான் என்றார்கள். பார்த்ததைச் சொல்வாள், பார்த்ததற்குமேல் ஒரு சொட்டுகூடச் சேர்க்க மாட்டாள்.

அவளோடு அதே மேசையில் வேலை செய்த இன்னொரு மாணவர் ஈஸ்ட் வளர்த்துக்கொண்டிருந்தார். ரொட்டி மாவைப் பொங்க வைக்கும் அதே ஈஸ்ட்தான். அதனால் அவர் ஈஸ்ட்காரர். இருவருக்கும் ஒரே துணியில் கோட்டு தைத்தேன். அவருடையதில் பொத்தான் வலப்பக்கம், காஜா இடப்பக்கம். என் தங்கையுடையதில் பொத்தான் இடப்பக்கம், காஜா வலப்பக்கம். ஆண்களுக்கும் பெண்களுக்கும் காலம்காலமாக அப்படித்தான் தைக்கிறோம். இரண்டு கோட்டும் ஒரே ஆணியில்தான் தொங்கும். அவசரத்தில் மாற்றிப் போட்டுக்கொண்டு, பொத்தான் போடக் கை தடுமாறும்போதுதான் தெரியுமாம். "உங்க தங்கச்சி கோட்டைப் போட்டா என் கை எனக்கே அந்நியமாயிடுது" என்று ஈஸ்ட்காரர் சிரிப்பார்.

அவள் என்ன ஆராய்ச்சி செய்கிறாள் என்று ஒருநாள் கடையில் வைத்துக் கேட்டேன். வெட்டு மேசையிலிருந்து ஒரு துண்டுத் துணியை எடுத்து விரித்துப் பிடித்தாள்.

"கொலஸ்ட்ரால் சாப்பாட்டுல இருந்து மட்டும் வர்றதில்லை அண்ணா. நம்ம கல்லீரலே அதைச் செய்யுது. சின்னச் சின்னத் துண்டா ஒட்டி, நீளமாக்கி, மடக்கி நாலு வளையமாக்கி, அப்புறம் அங்கங்க கத்தரிச்சு. ஒவ்வொரு வேலைக்கும் ஒரு நொதி."

"நொதின்னா?"

"ஒரு வேலை மட்டும் தெரிஞ்ச ஆள்னு வச்சுக்கோ. காஜா போடறவரு காஜா மட்டும் போடுவாரு இல்ல, அப்படி. நான் பாக்கறது கடைசிப் பக்கம் வர்ற ஒரு வேலை. அங்க ஒரு கார்பன் இருக்கு. அதுல ரெண்டு ஹைட்ரஜன்." துணிக்கு மேலே ஒரு பொத்தானையும் அடியில் ஒரு பொத்தானையும் வைத்து விரலால் அழுத்திக் காட்டினாள். "ஒண்ணு மேல பாத்துக்கிட்டு, ஒண்ணு கீழ பாத்துக்கிட்டு. ரெண்டுக்கும் துளி வித்தியாசம் கிடையாது. நொதி வந்து ஒண்ணை எடுத்துடும். எப்பவும் ஒரே பக்கத்துல இருந்துதான் எடுக்கும். அது எந்தப் பக்கம்?"

"மேல இருந்து எடுத்தா என்ன, கீழ இருந்து எடுத்தா என்ன?"

"எந்தப் பக்கமா வந்து உக்காருதுன்னு தெரிஞ்சாத்தானே அது எப்படி வேலை செய்யுதுன்னு தெரியும்."

உள்ளேயிருந்து எட்டிப் பார்த்த என் மனைவி, "இதுக்கெல்லாம் சம்பளம் தர்றாங்களா?" என்றாள்.

"தர்றதாப் பேச்சு இருக்கு அண்ணி."

இரண்டு ஹைட்ரஜனும் ஒன்றுபோல இருந்தால் எது போனது என்று எப்படித் தெரியும்? அதற்கு ஒரு வழி வைத்திருந்தார்கள். கொலஸ்ட்ராலாக மாறப்போகும் பொருளில், மேல்பக்கத்து ஹைட்ரஜனுக்குப் பதிலாகக் கதிரியக்கம் உள்ள ஹைட்ரஜனை வைத்து ஒரு குப்பி. கீழ்ப்பக்கத்தில் அதை வைத்து இன்னொரு குப்பி. நாங்கள் துணியில் சாக்குக்கட்டியால் அடையாளம் போடுவதுபோலத்தான். எலியின் கல்லீரலை அரைத்து, ஒவ்வொரு குப்பியிலிருந்தும் கொஞ்சம் எடுத்து அதனோடு சேர்ப்பார்கள். வேலை முடிந்தபின் அடையாளம் பொருளிலேயே இருக்கிறதா, தண்ணீருக்குப் போய்விட்டதா என்று ஒரு கருவி எண்ணிச் சொல்லும். அந்தப் பொருளைச் செய்வதுதான் பெரும்பாடு. அவள் ஒரு வருஷத்துக்கு மேல் அதற்காகவே உழைத்தாள். செய்து முடித்ததைச் சின்னக் குப்பிகளாகப் பிரித்து, ஈஸ்ட்காரருக்கும் பங்கு கொடுத்தாள். அவர் அதே வேலையை ஈஸ்டில் பார்க்க வேண்டும் என்பது பேராசிரியரின் ஏற்பாடு. இரண்டும் ஒத்துப்போனால் விஷயம் உறுதி.

விடை வந்த அன்று கோட்டைக்கூடக் கழற்றாமல் கடைக்கு ஓடி வந்தாள். நான் ஒரு பெரியவருக்கு அளவெடுத்துக்கொண்டிருந்தேன்.

"அண்ணா, மேல்பக்கம்!"

கையைத் தூக்கிக்கொண்டு நின்ற பெரியவர், "எத்தனாவது மாடிம்மா?" என்றார்.

அவள் சிரித்த சிரிப்பு இன்னும் என் காதில் இருக்கிறது.

கொஞ்ச நாளில் ஈஸ்ட்காரருக்கும் விடை வந்தது. கீழ்ப்பக்கம்.

பேராசிரியர் கெட்டவர் அல்ல. அதட்டிப் பேச மாட்டார், மாணவர்களைப் பெயர் சொல்லி அழைத்து உட்காரவைத்துத்தான் பேசுவார். இருவரையும் கூப்பிட்டுச் சொன்னார். "ஒரே வேலை, ஒரே மாதிரி நொதி. எலியா இருந்தா என்ன, ஈஸ்டா இருந்தா என்ன? ஒரு இடத்துல மேலயும் ஒரு இடத்துல கீழயும் எடுக்காது. உங்க ரெண்டு பேர்ல யாருக்கோ குப்பி மாறியிருக்கு."

இந்த வேலையில் அதுதான் பெரிய சங்கடம். வேறு தவறு நடந்தால் எண்கள் முன்னும் பின்னுமாக வந்து காட்டிக்கொடுத்துவிடும். குப்பி மாறினால் பிசிறே இல்லாமல், சுத்தமாக, எதிர்ப்பக்கம் வரும். அவ்வளவு சுத்தமான விடையே சந்தேகத்துக்கு இடமாகிவிடும்.

சந்தேகம் தங்கை பக்கம் சாய்ந்ததற்கு ஒரு காரணம் இருந்தது. ஈஸ்ட்காரருக்குப் பங்கு கொடுத்த பிறகு, அந்தப் பழைய உறைபெட்டி ஒருநாள் நின்றுபோயிருந்தது. பனி உருகிச் சீட்டுகள் நனைந்து, மை கரைந்துவிட்டது. குப்பிகள் செருகிய மரத்தட்டை அவள் வெளியே எடுத்து மேசைமேல், ஐஸ் போட்ட தொட்டியில் வைத்தாள். பழுது பார்க்க வந்த மெக்கானிக்குக் கருவிகளைப் பரப்ப அந்த மேசை தேவைப்பட்டது. தொட்டியை வேறு மேசைக்கு அவரே தூக்கி வைத்திருக்கிறார். அப்போது அவள் இன்னும் கொஞ்சம் ஐஸ் கொண்டுவரப் போயிருந்தாள். திரும்பி வந்து புதுச் சீட்டு ஒட்டினாள். எப்போதும் அடுக்கும் முறைப்படி, இடப்பக்கம் இருந்ததற்கு 'மேல்', வலப்பக்கம் இருந்ததற்கு 'கீழ்'.

மெக்கானிக் மேசைக்கு எதிர்ப்புறம் நின்று தூக்கியிருந்தால்? இடம் வலமாகியிருக்கும்.

"தட்டோட ஒரு மூலையில கருகின தடம் இருக்கு சார்" என்று அவள் சொன்னாளாம். "அது எப்பவும் என் இடது கைப் பக்கம்தான் இருக்கும். அதைப் பாத்துத்தான் ஒட்டினேன்."

"பாத்தியா, பாத்திருப்பேன்னு நினைக்கிறியா?"

"பாத்தேன் சார்."

"சத்தியம் பண்ணுவியா?"

வேறு யாராக இருந்தாலும் 'பண்ணுவேன்' என்று சொல்லியிருப்பார்கள். இவள் யோசித்தாள். மெக்கானிக்கையே தேடிப் போய்க் கேட்டாள். "அப்படியே தூக்கி அப்படியே வச்சேன்மா. திருப்பவே இல்லை" என்றார் அவர். எதிர்ப்புறம் நின்றாரா என்று கேட்டதற்கு, "மேசையைச் சுத்தித்தானே வேலை பாத்தேன், எங்க நின்னேன்னு எப்படிம்மா சொல்றது?" என்றார்.

மிச்சம் இருந்ததை வைத்துத் திரும்பச் செய்தாள். திரும்பவும் மேல்பக்கம். அதே குப்பியிலிருந்து எடுத்ததுதானே, அதனால் அது எதையும் நிரூபிக்கவில்லை. புதிதாகப் பொருள் செய்ய அனுமதி கேட்டாள். இன்னொரு வருஷம் இதற்காகப் போக முடியாது, அடுத்த படிக்குப் போகலாம் என்றார் பேராசிரியர்.

அந்த நாட்களில் அவள் சாப்பிடும்போதுகூடக் கையை நீட்டி, எதிரில் ஒரு தட்டு இருப்பதுபோல வைத்து, இடம் வலம் என்று காற்றில் தொட்டுப் பார்ப்பாள். முதலில் அந்தத் தடம் அவள் கண்முன் தெளிவாக இருந்தது. கேள்வி கேட்கக் கேட்க அது மங்கிக்கொண்டே போனது. என் மனைவி பொறுக்க முடியாமல், "தடம் இருந்துச்சுன்னு அடிச்சுச் சொல்லிட்டு வாயேன், உன் நாக்கு தேஞ்சா போயிடும்?" என்றாள்.

"இருந்துச்சுன்னுதான் அண்ணி நினைக்கிறேன். ஆனா முழுசாத் தெரியாததை எப்படிச் சொல்றது?"

ஒருநாள் காலை, ஆய்வகத்தில் எல்லாரும் கூடியிருந்தபோது அவளே எழுந்து, "குப்பி என்கிட்டதான் மாறியிருக்கும்" என்று சொல்லிவிட்டாள்.

ஈஸ்ட்காரரின் விடை அச்சில் வந்தது. கல்லீரல் விடையைத் தூக்கிப் போட்டார்கள். அவளுடைய உழைப்பில் பெரும்பங்கு அதில்தான் இருந்தது. அடுத்த படிக்கு அவளை எடுத்துக்கொள்ளப் பேராசிரியர் தயாராகத்தான் இருந்தார். அவளால்தான் முடியவில்லை. ஒவ்வொரு குப்பியையும் கையில் எடுத்துவிட்டு, இது அதுதானா என்று வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டு நின்றுவிடுவாளாம். பட்டம் வாங்காமலே வெளியே வந்தாள். பரிசோதனை நிலையத்தில் சேர்ந்த முதல் வாரம் என்னிடம் சொன்னாள்: "எல்லாரும் எவ்வளவு இருக்குன்னு கேக்கறாங்க அண்ணா. எப்படி உண்டாச்சுன்னு ஒருத்தர்கூடக் கேக்கலை." கேலியாகத்தான் சொன்னாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

போன வருஷம் கடைக்கு ஒருவர் வந்தார். நரைத்த தலை, தடித்த கண்ணாடி. பேராசிரியர் வேலையிலிருந்து ஓய்வு பெறுகிறாராம், விழாவுக்கு ஒரு கோட்டு வேண்டும் என்றார். நாடாவை முதுகில் வைத்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது. வலது தோள் ஒரு விரல் இறக்கம்.

"ஈஸ்ட்காரர்தானே நீங்க?"

அவர் திரும்பி என் கையைப் பிடித்துக்கொண்டார். "உங்க தங்கச்சி எங்க இருக்காங்க?"

மாடியைக் காட்டினேன். அவர் போகவில்லை. வெட்டு மேசை ஓரத்தில் உட்கார்ந்து, கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார். நான்தான் குரல் கொடுத்து அவளைக் கீழே வரவழைத்தேன். அவரைப் பார்த்ததும் அவள் முகம் மலர்ந்தது. அவர் எழுந்து நின்றார்.

"நீ சொன்னது சரி" என்றார்.

"எது?"

"மேல்பக்கம். கல்லீரல்ல மேல்பக்கம்தான். வேற ஒரு ஆய்வகத்துல புதுசாப் பொருள் செஞ்சு பாத்திருக்காங்க. ஒருதடவைக்கு ரெண்டுதடவை."

"அப்ப உங்களோடது தப்பாயிடுச்சா?" அந்தக் கேள்வியில் அவருக்காக ஒரு வருத்தம் இருந்தது. என் தங்கை அப்படிப்பட்டவள்.

"இல்லை. ஈஸ்ட்ல கீழ்ப்பக்கம்தான். அதையும் பாத்துட்டாங்க. எலியோட நொதி ஒரு பக்கம் எடுக்குது, ஈஸ்டோட நொதி மறுபக்கம் எடுக்குது. ரெண்டும் சரி."

அவள் தையல் மெஷினுக்கு முன்னால் இருந்த முக்காலியில் உட்கார்ந்தாள்.

"எப்பத் தெரியும்?"

"நீ போனப்புறம் நாலஞ்சு வருஷத்துல."

"அப்பவேவா?"

"உனக்கு யாராவது சொல்லியிருப்பாங்கன்னு நினைச்சேன். அப்புறம் நான் வேற ஊருக்கு மாறிட்டேன். நாள் ஆக ஆக, இனிமே எந்த முகத்தோட போய்ச் சொல்றதுன்னு..."

தேநீர் கொண்டுவந்த என் மனைவி கோப்பையை அவர் முன் வைத்தாள். சத்தம் வரும்படியாகவே வைத்தாள். "இப்ப மட்டும் எந்த முகத்தோட வந்தீங்களாம்?"

"அதே முகம்தாம்மா. கொஞ்சம் சுருங்கியிருக்கு" என்றார் அவர். யாரும் சிரிக்கவில்லை.

"சாருக்குத் தெரியுமா?" என்றாள் தங்கை.

"படிச்சாரு. படிச்சுட்டு உன் பேரைச் சொன்னாரு, அவ்வளவுதான். அவர் தவறிப்போய்ப் பல வருஷம் ஆச்சு."

அவள் என் மேசையில் கிடந்த ஒரு பொத்தானை எடுத்து உள்ளங்கையில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அழுவாள் என்று நினைத்தேன். அவள் பேசியபோது குரலில் கோபம்தான் இருந்தது, அதுவும் தன்மேல்.

"ரெண்டும் ஒரே மேசையில இருந்துச்சு. உங்க விடையும் என் விடையும். எலி ஒரு பக்கம், ஈஸ்ட் ஒரு பக்கம், அதுதானே கண்டுபிடிப்பு? எல்லாருக்கும் முன்னாடி நம்ம கையில இருந்திருக்கு. யாரு தப்புன்னு தேடினோமே தவிர, ரெண்டும் சரியா இருந்தா என்னன்னு ஒருத்தருக்கும் தோணலை. நம்ம கோட்டு ரெண்டும் ஒரே ஆணியிலதான் தொங்குச்சு."

ஈஸ்ட்காரர் தலையைக் குனிந்துகொண்டார். எனக்கும்தான் தோன்றவில்லை. அந்தக் கோட்டுகளைத் தைத்தவன் நான். நாள் முழுக்க இடமும் வலமுமாகப் பொத்தான் வைத்துக்கொண்டிருந்தவனுக்குக் கோட்டு வேறு, ஹைட்ரஜன் வேறு என்றுதான் இருந்தது.

"விழாவுல இதைச் சொல்லப் போறேன். மேடையிலேயே. நீ வரணும்" என்றார் அவர்.

"வேண்டாம்."

"அப்ப நான் என்னதான் செய்யட்டும்?"

"அந்த மெக்கானிக் இருந்தா, அவர்கிட்டச் சொல்லுங்க. திருப்பவே இல்லைன்னாரு. நான் நம்பலை. இத்தனை வருஷமா மனசுல அவர்மேலயும் பழி போட்டுக்கிட்டு இருந்திருக்கேன்."

மெக்கானிக் எங்கே இருக்கிறார், இருக்கிறாரா என்பதே யாருக்கும் தெரியாது. ஈஸ்ட்காரர் விசாரிப்பதாகச் சொல்லிவிட்டுப் போனார். கோட்டை வாங்க வந்தபோது, கிடைக்கவில்லை என்றார்.

அவர் வந்துபோன அன்று, கடையை மூடப் போகும் நேரத்தில் தங்கை மறுபடி இறங்கி வந்தாள். நான் நூல்கண்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தேன்.

"நான் மாத்தலைன்னு எனக்குத் தெரியும் அண்ணா. தடத்தைப் பாத்துத்தான் ஒட்டினேன். எல்லார் முன்னாடியும் எந்திரிச்சுச் சொல்ற வரைக்கும் உள்ளுக்குள்ள தெரியும். சொன்னதுக்கு அப்புறம்தான் தெரியாமப் போச்சு."

நான் அவள் தலையில் கை வைத்தேன்.

இனிமேலாவது அந்தப் பயம் அவளை விட்டுவிடும் என்று நினைத்தேன். என் மனைவியும் அப்படித்தான் நினைத்தாள். சில வாரம் கழித்து மாடிக்குப் போயிருந்தபோது அடுப்படியைப் பார்த்தேன். இரண்டு ஜாடியிலும் மூடியில் சீட்டு, உடம்பில் சீட்டு. உப்பு ஜாடியின் கழுத்தில் நூல் புதிதாக மாற்றிக் கட்டியிருந்தது.

"இதையெல்லாம் எடுத்துடக் கூடாதா? நீதான் மாத்தவே இல்லைன்னு தெரிஞ்சுபோச்சே" என்றேன்.

"எடுக்கணும்" என்றாள்.

தேநீர் கொதித்துக்கொண்டிருந்தது. சர்க்கரை ஜாடியைத் திறந்தாள். கரண்டியை உள்ளே விடுவதற்கு முன், விரல்நுனியால் துளி தொட்டு எடுத்து நாக்கில் வைத்துப் பார்த்தாள். நான் பார்த்துக்கொண்டிருப்பது தெரிந்து வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள். பிறகு எனக்கும் போட்டுக் கொடுத்தாள். இனிப்பு சரியாக இருந்தது.